லைவ் பேட்ச் போடும்போது கெர்னலை ஒரு நொடி நிறுத்தினால் போதாதா?

லைவ் பேட்ச் என்றால், லினக்ஸின் மையமான கெர்னலை ரீபூட் இல்லாமல் ஓடும்போதே திருத்துவது. இன்டரப்ட் என்றால், கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு இதைப் பார் என்று சிபியுவுக்கு வரும் அழைப்பு. சிறுசேரி டேட்டா சென்டர் ஒன்றில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருப்பது இது: "லைவ் பேட்ச் போட்டால் சில நேரம் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது. சில நேரம் டிரான்சிஷன் (பழையதிலிருந்து புதியதுக்கு மாறும்) நிலையிலேயே மணிக்கணக்கில் நிற்கிறது. எல்லா சிபியுவிலும் இன்டரப்ட்டை அணைத்து, பழைய கோடின் மேல் புதியதை எழுதி, மறுபடி திறந்துவிட்டால் ஒரு மில்லிவிநாடியில் வேலை முடியாதா? இன்டரப்ட்டும் ப்ரீஎம்ப்ஷனும் இதில் எங்கே குறுக்கே வருகின்றன?"

நிறுத்துவது சுலபம். காலி செய்வதுதான் கஷ்டம். ஒரு நாற்சந்தியில் நாலு பக்கமும் சிக்னலைச் சிவப்பாக்கிவிட்டால் வண்டி எதுவும் ஓடாது. ஆனால் நீங்கள் தோண்ட வேண்டிய அந்த இருபது அடி ரோட்டின் மேலேயே ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருக்கலாம். பள்ளம் வெட்டி மூடிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டால், லாரிக்காரர் தான் முன்பு நின்ற ரோடு அப்படியே இருப்பதாக நினைத்து கியரைப் போடுவார். கெர்னலிலும் ஆபத்து இந்த நொடியில் ஓடும் கோடில் இருப்பது கொஞ்சம்தான். பெரும்பங்கு, ஏற்கெனவே எங்கோ சேமித்து வைக்கப்பட்ட முகவரிகளில் இருக்கிறது.

அந்த முகவரிகள் எங்கெல்லாம் இருக்கும்? ஒவ்வொரு சிபியுவின் கட்டளைச் சுட்டியில் (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் இடம்) ஒன்று இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்டரப்ட் வந்தபோது சிபியு ஸ்டாக்கில் (திரும்பிப் போக வேண்டிய இடங்களை அடுக்கி வைக்கும் நினைவகம்) தள்ளி வைத்த சுட்டி இன்னொன்று. இன்டரப்ட் முடிந்து திரும்பும் வழியில், எது எப்போது ஓடும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர், குறுக்கிடப்பட்ட டாஸ்க்கை (ஓடும் ப்ரோக்ராம் அல்லது த்ரெட்) ஓரங்கட்டிவிட்டால், அதாவது ப்ரீஎம்ப்ட் செய்துவிட்டால், அந்தச் சுட்டி அதே ஸ்டாக்கில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கும். மூன்றாவது, தூங்கும் ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக்கிலும் வரிசையாக இருக்கும் ரிட்டர்ன் அட்ரஸ்கள், அதாவது கூப்பிட்ட ஃபங்ஷனுக்குத் திரும்பும் முகவரிகள். இன்டரப்ட்டை அணைப்பது முதல் வகையை மட்டும்தான் கட்டுப்படுத்தும், அதுவும் முழுமையாக இல்லை. எக்ஸ்86 பிராசசர்களில் என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்), மெஷின் செக் (ஹார்ட்வேர் பிழை அறிவிப்பு) இரண்டும் அந்த அணைப்பை மதிப்பதில்லை. செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியும், சிபியு உறைந்துவிட்டதா என்று பார்க்கும் ஹார்ட் லாக்கப் கண்காணிப்பும் என்எம்ஐயை நம்பியே வேலை செய்கின்றன என்பதால், இது வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அதிசயமும் இல்லை.

இனி இரண்டு அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோடின் பைட்டுகளை உடைக்காமல் மாற்றி எழுதுவது ஒன்று. பழைய ஃபங்ஷனும் புதிய ஃபங்ஷனும் ஒரே வேலைக்குள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. உங்கள் சர்வரில் மணிக்கணக்கில் நிற்பது இரண்டாவது அடுக்கு. முதலாவது புரிந்தால்தான் அது ஏன் நிற்கிறது என்பது பிடிபடும்.

எக்ஸ்86-இல் டிரேஸ் செய்யக்கூடிய ஒவ்வொரு கெர்னல் ஃபங்ஷனின் தொடக்கத்திலும் கம்பைலர் 5 பைட் நீளமுள்ள ஒரு கால் கட்டளையை (வேறொரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது) வைக்கிறது. கெர்னலைக் கட்டும்போதோ பூட் ஆகும்போதோ அது 5 பைட் நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை) ஆகிவிடும். இந்த இடங்களை நிர்வகிப்பது எஃப்டிரேஸ் என்ற கெர்னல் டிரேஸ் வசதி. லைவ் பேட்ச் வரும்போது அந்த நாப் மறுபடி கால் ஆகிறது. இந்த 5 பைட்டை ஒரே மூச்சில் எழுத முடியும் என்று நம்பக்கூடாது. அது கேஷ் லைன் (சிபியு ஒரே முறையில் எடுக்கும் நினைவகத் துண்டு) எல்லையைத் தாண்டி உட்கார்ந்திருக்கலாம், இன்னொரு சிபியு பாதி பழையதும் பாதி புதியதுமாக எடுத்து ஓட்டலாம். ஆரம்ப காலத்தில் எஃப்டிரேஸ் இதற்கு ஸ்டாப் மெஷினைத்தான் பயன்படுத்தியது. எல்லா சிபியுவையும் ஒரு த்ரெட்டுக்குள் இழுத்து, இன்டரப்ட்டை அணைத்து, ஒருவர் எழுதும்வரை மற்றவர்களைச் சுழலவிடும் முறை அது. நீங்கள் கேட்ட வழி ஏறக்குறைய இதேதான்.

இன்று நடப்பது வேறு. முதலில் முதல் பைட்டில் மட்டும் இன்ட்3 என்ற ஒரு பைட் பிரேக்பாயின்ட் கட்டளையை எழுதுகிறது. ஒரு பைட் என்பதால் அது பாதி எழுதப்பட்டதாக யாருக்கும் தெரியாது. பிறகு எல்லா சிபியுவுக்கும் ஐபிஐ (ஒரு சிபியு இன்னொன்றுக்கு அனுப்பும் தட்டல்) அனுப்பி, ஒவ்வொன்றும் தான் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் கட்டளைகளைத் தூக்கி எறியும்படி ஒரு சீரியலைசிங் கட்டளையை ஓட்டவைக்கிறது. அடுத்து மீதி 4 பைட்டை எழுதி மறுபடி ஐபிஐ. கடைசியாக முதல் பைட்டில் உண்மையான மதிப்பை எழுதி இன்னொரு ஐபிஐ. இடையில் எந்த சிபியுவாவது அந்த இடத்துக்கு வந்தால் இன்ட்3 ட்ராப்பில் விழும். அதைக் கவனிக்கும் கோடான ட்ராப் ஹேண்ட்லர் அந்த முகவரியைத் தன் பட்டியலில் தேடி, அங்கே இருக்க வேண்டிய கால் அல்லது நாப் செய்யும் வேலையைத் தானே செய்துவிட்டு அனுப்பிவிடும். யாரும் காத்திருப்பதில்லை. பல ஃபங்ஷன்கள் இருந்தால் எல்லாவற்றின் முதல் பைட்டையும் எழுதிவிட்டு ஒரே ஐபிஐ சுற்று, இப்படித் தொகுதியாகச் செய்வதால் ஐபிஐ எண்ணிக்கை ஃபங்ஷன் எண்ணிக்கையோடு சேர்ந்து பெருகுவதில்லை.

இங்கே இன்டரப்ட் எதிரி இல்லை, வேலைக்காரன். ஐபிஐயும் ஒரு இன்டரப்ட்தான். அதனால் ஏதாவது ஒரு சிபியு இன்டரப்ட்டை அணைத்து வைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஓடினால், பேட்ச் எழுதுபவர் அவ்வளவு நேரமும் அங்கேயே நிற்பார். இன்டரப்ட்டை அணைத்துவிட்டு இந்த வழியை அழைக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்: இரண்டு சிபியுக்கள் தத்தம் இன்டரப்ட்டை அணைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் ஐபிஐ அனுப்பினால் இருவரும் பதிலுக்குக் காத்தே உறைந்துபோவார்கள். பைட்டை எழுதும் அந்தச் சின்னத் துண்டில் மட்டும், எழுதும் சிபியு தன் சொந்த இன்டரப்ட்டை அணைக்கிறது. 2019-க்குப் பிறகான கெர்னல்களில் அந்தச் சில கட்டளைகளுக்காக மட்டும் ஒரு தற்காலிக முகவரி வெளி ஏற்றப்படுகிறது, அதன் நடுவே இன்டரப்ட் வரக்கூடாது. தாமதத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் டிரேடிங் அல்லது டெலிகாம் சர்வர் என்றால், தனிமைப்படுத்திய சிபியுக்களும் இந்த ஐபிஐகளிலிருந்து தப்பாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்எம்ஐ இந்த முறைக்குள் புகுந்தபோது ஒரு வினோதமான சிக்கல் வந்தது. என்எம்ஐ ஹேண்ட்லர் ஓடும்போது அடுத்த என்எம்ஐயை சிபியு தடுத்து வைத்திருக்கும். இன்டரப்ட்டிலிருந்து திரும்ப உதவும் ஐரெட் கட்டளை ஓடிய கணத்தில் அந்தத் தடை நீங்கிவிடும். என்எம்ஐ ஹேண்ட்லர் போகும் வழியில் ஒரு இன்ட்3-இல் விழுந்தால், அதிலிருந்து திரும்புவதும் ஐரெட் வழியாகத்தான். அதாவது என்எம்ஐ பாதியில் இருக்கும்போதே கதவு திறந்துவிடுகிறது. உடனே இரண்டாவது என்எம்ஐ வந்தால், அது அதே நிலையான ஸ்டாக்கின் உச்சியிலிருந்து தொடங்கி முதலாவதின் சேமிப்பை மேலெழுதும். திரும்பிப் போக வழி தொலைந்துவிடும். லினக்ஸ் என்எம்ஐ நுழைவுக் கோடு தன் திரும்பும் ஃப்ரேமை நகல் எடுத்து வைத்து, "நான் ஏற்கெனவே என்எம்ஐக்குள் இருக்கிறேன்" என்று ஒரு குறியையும் ஸ்டாக்கிலேயே வைப்பது இதற்காகத்தான். அந்த அசெம்பிளி கோடைப் பார்த்து ஏன் இவ்வளவு சிக்கல் என்று எரிச்சல்படுபவர்கள் இன்ட்3-ஐ நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது ப்ரீஎம்ப்ஷன். அந்த 5 பைட் நாப் ஏன் ஒரே கட்டளையாக இருக்கிறது? ஐந்து ஒரு பைட் நாப்களைப் போட்டாலும் வேலை நடக்கும் என்று தோன்றும். ஒரு டாஸ்க் இரண்டாவது நாப்பில் நிற்கும்போது டைமர் இன்டரப்ட் வந்து, அது ப்ரீஎம்ப்ட் ஆனது என்று வையுங்கள். நாம் அந்த 5 பைட்டையும் ஒரு காலாக மாற்றுகிறோம். இரண்டு விநாடி கழித்து டாஸ்க் எழுந்து, கால் கட்டளையின் இரண்டாவது பைட்டிலிருந்து ஓடத் தொடங்கும். அங்கே இருப்பது கட்டளை அல்ல, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற எண். சிபியு அதையும் கட்டளையாகவே வாசிக்கும். ஐபிஐ எத்தனை சுற்று அனுப்பினாலும் இது தீராது, ஏனென்றால் ஐபிஐ சிபியுவைத்தான் தட்டுகிறது, ஸ்டாக்கில் தூங்கும் சுட்டியை அல்ல. ஒரே கட்டளை என்றால் நடுவில் நிற்கும் பேச்சே இல்லை: அதற்கு முன் நிற்கலாம், பின் நிற்கலாம், அவ்வளவுதான்.

மற்ற பிராசசர்களில் இதே பாடம் வேறு உருவில் வருகிறது. 64 பிட் பவர்பிசியில் பழைய வகை டிரேஸ் இடம் இரண்டு கட்டளைகள் கொண்டது: ஒரு கிளைக் கட்டளை, அதன் பின்னே, சிபியுவின் உள் சேமிப்பிடமான ஆர்2 ரெஜிஸ்டரைப் பழைய மதிப்புக்குத் திருப்பும் ஒரு லோட். டிரேஸை அணைக்க இரண்டையும் நாப் ஆக்கினால் என்ன ஆகும்? கிளை வழியே போய், டிரேஸ் ஃபங்ஷனுக்குள் ப்ரீஎம்ப்ட் ஆன டாஸ்க் திரும்பி வரும்போது அந்த லோட் இருக்காது. ஆர்2 கெட்டுப்போய், விபத்து வேறெங்கோ, சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும். அதனால் லோடைத் தொடாமல், முதல் கட்டளையை மட்டும் "8 பைட் தாண்டிக் குதி" என்று மாற்றுகிறார்கள். திரும்பி வருபவருக்கு லோட் அப்படியே காத்திருக்கும், புதிதாக வருபவர் அதைத் தாண்டிப் போவார். ஆர்ம்64-இல் இரண்டு நாப்களுக்கு இடம் விடப்படுகிறது. முதலாவதை, திரும்பும் முகவரியைப் பத்திரப்படுத்தும் கட்டளையாக யாரும் அந்தக் கோடை ஓட்டத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓடும் சிஸ்டத்தில் மாறுவது இரண்டாவது 4 பைட் மட்டுமே.

பல கட்டளைகளைத் தாண்டி எழுதியே ஆக வேண்டிய இடமும் உண்டு. கெர்னல் கோடுக்குள் சோதனைப் புள்ளி வைக்கும் கேப்ரோப்பை வேகப்படுத்த, பிரேக்பாயின்ட்டுக்குப் பதில் 5 பைட் ஜம்ப் வைக்கும் முறை அது. ஒரு ஃபங்ஷன் தொடக்கத்தில் ஆர்பிபி ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் தள்ளும் 1 பைட், ஆர்எஸ்பியை ஆர்பிபிக்கு நகலெடுக்கும் 3 பைட், ஆர்பிஎக்ஸைத் தள்ளும் 1 பைட், ஆக மூன்று கட்டளைகள் சரியாக 5 பைட் என்று வையுங்கள். முதல் கட்டளை முடிந்த நிலையில் ப்ரீஎம்ப்ட் ஆன டாஸ்க் ஒன்று இருந்தாலும் ஜம்ப் எழுதக்கூடாது. முழு ப்ரீஎம்ப்ஷன் உள்ள கெர்னல்களில் இந்த வசதியை நெடுநாள் முடக்கியே வைத்திருந்தார்கள். தீர்த்து வைத்தது டாஸ்க்ஸ் ஆர்சியு. சாதாரண ஆர்சியு, பழைய டேட்டாவை வாசிப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் கெர்னல் ஏற்பாடு. டாஸ்க்ஸ் ஆர்சியு, ஒவ்வொரு டாஸ்க்கும் தானாக முன்வந்து சிபியுவை விடும்வரை, அல்லது யூசர் ஸ்பேஸில் (கெர்னலுக்கு வெளியே, சாதாரண ப்ரோக்ராம்கள் ஓடும் பகுதி) இருப்பதாகத் தெரியும்வரை காத்திருக்கும். தானாக விட்ட டாஸ்க் ஷெட்யூல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு நிற்கிறது, ஆகவே நம் மூன்று கட்டளைகளுக்கு நடுவில் அது நிற்க வாய்ப்பில்லை. ப்ரீஎம்ப்ட் ஆனது இந்தக் கணக்கில் சேராது. முழு விஷயமும் அந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

எஃப்டிரேஸின் ட்ராம்போலின் (கால் கட்டளை முதலில் போய்ச் சேரும் இடைநிலைக் கோட்) நினைவகத்தை விடுவிப்பதற்கும் இதே காத்திருப்புதான். ட்ராம்போலினுக்குள் ப்ரீஎம்ப்ட் ஆன டாஸ்க் எழுவதற்குள் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், எழும் இடம் வேறு யாருடைய டேட்டாவாகவோ இருக்கும். ஒரு கெர்னல் த்ரெட் தானாக சிபியுவை விடாமலே சுற்றிக்கொண்டிருந்தால் டாஸ்க்ஸ் ஆர்சியு முடியாது. 10 நிமிடம் தாண்டினால் கெர்னல் லாக்கில் அந்த டாஸ்க்கின் பெயரோடு எச்சரிக்கை வரும். அந்த வரியைக் கண்டால் லைவ் பேட்ச்சைக் குறை சொல்லும் முன் அந்த த்ரெட்டைப் பாருங்கள்.

பைட் அடுக்கு அவ்வளவுதான். இனி இரண்டாவது அடுக்கு. ஒரு உதாரணம்: பழைய கோடில் ஒரு ஃபங்ஷன், டேட்டாவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவைக்கும் லாக்கை எடுத்துவிட்டு உள் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. பேட்ச்சில் அந்த லாக்கை உள் ஃபங்ஷனுக்கே மாற்றிவிட்டீர்கள். பழைய வெளி ஃபங்ஷனுக்குள் நிற்கும் டாஸ்க் புதிய உள் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், தான் ஏற்கெனவே பிடித்திருக்கும் லாக்கைத் தானே மறுபடி கேட்டு உறைந்துபோகும். புதிய வெளியும் பழைய உள்ளும் சேர்ந்தால் லாக்கே இல்லாமல் டேட்டாவைத் தொடும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் சத்தமே இருக்காது.

2008-இல் எம்ஐடியிலிருந்து வந்த கேஸ்ப்ளைஸ் இதற்கு ஸ்டாப் மெஷினை எடுத்துக்கொண்டது, ஆனால் அதோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திய பின் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்கையும் பார்த்து, மாற்றப்போகும் ஃபங்ஷனுக்குள் யாராவது நிற்கிறார்களா என்று தேடியது. இருந்தால் விட்டுவிட்டுப் பிறகு முயலும். ஆக உங்கள் யோசனையைச் செயல்படுத்திய முதல் கருவிக்கே நிறுத்தம் மட்டும் போதவில்லை. 2011-இல் அது ஆரக்கிள் கைக்குப் போனது. 2014-இல் ரெட் ஹாட் கேபேட்ச்சையும் சூசே கேகிராஃப்ட்டையும் வெளியிட்டன. கேபேட்ச் ஸ்டாப் மெஷினும் ஸ்டாக் சோதனையும் சேர்ந்தது. கேகிராஃப்ட் யாரையும் நிறுத்தாமல், ஒவ்வொரு டாஸ்க்கும் கெர்னலைவிட்டு வெளியேறும்போது அதைப் புதிய பக்கத்துக்கு மாற்றியது. 2015-இல் வந்த 4.0 கெர்னலில் பொதுவான அடித்தளம் சேர்ந்தது. 2017-இல் 4.12-இல் இரண்டின் நல்ல பகுதிகளையும் கலந்த முறை வந்தது. இன்று நீங்கள் பயன்படுத்துவது அதுதான்.

அந்த முறையில் பேட்ச்சை இயக்கியதும் கோட் உடனே திருப்பிவிடப்படும், ஆனால் திருப்பம் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனித்தனியாக முடிவாகும். ஃபங்ஷனின் வாசலில் எஃப்டிரேஸ் வழியே லைவ்பேட்ச்சின் ஹேண்ட்லர் கூப்பிடப்படுகிறது. அது ப்ரீஎம்ப்ஷனை அணைத்த நிலையில் ஓடி, இப்போது ஓடும் டாஸ்க்கின் பேட்ச் நிலையைப் பார்க்கும். 0 என்றால் பழையது, 1 என்றால் புதியது. புதியது என்றால் சேமித்த கட்டளைச் சுட்டியைப் புதிய ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டுத் திரும்பும். எந்த மாற்றமும் நடக்காத அமைதி நேரத்தில் அந்த நிலை -1 ஆக இருக்கும்.

இன்டரப்ட்டுக்கு என்று சொந்தமாக டாஸ்க் கிடையாதே, அது எந்தப் பக்கம்? தான் குறுக்கிட்ட டாஸ்க்கின் நிலையையே அது எடுத்துக்கொள்ளும். பழைய நிலையில் இருக்கும் ஒரு டாஸ்க்கின் மேல் விழுந்தால் ஹேண்ட்லர் முழுக்கப் பழைய கோடில் ஓடும், புதியதன் மேல் விழுந்தால் புதியதில். சும்மா இருக்கும் சிபியுவில் விழுந்தால் அந்த சிபியுவின் ஐடில் டாஸ்க்கின் நிலை. ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் நிலையை வெளியிலிருந்து யாரும் மாற்றுவதில்லை என்பதால், ஒரு இன்டரப்ட் தொடங்கி முடியும்வரை நடுவே பக்கம் மாறாது. ஒரு இன்டரப்ட்டுக்குள் ஒழுங்கு உறுதி.

உறுதி அதோடு முடிகிறது, பேட்ச் எழுதுபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒரே நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் ஹேண்ட்லர் பழைய கோடில் ஓடி ஒரு குறியை வைக்கலாம். அதன் மிச்ச வேலையான சாஃப்ட்ஐஆர்க்யு, அதே இன்டரப்ட்டின் வாலில் ஓடினால் அதே நிலை. வேலை அதிகமாகி கேசாஃப்ட்ஐஆர்க்யுடி த்ரெட்டுக்குத் தள்ளப்பட்டால், அந்த த்ரெட்டின் சொந்த நிலை. அது ஏற்கெனவே புதியதாக இருக்கலாம். பின்னணி வேலை செய்யும் கெர்னல் த்ரெட்டான கேவொர்க்கருக்குக் கொடுத்த வேலையும் அப்படியே, கொடுத்தவரின் நிலை கூடவே போகாது. ஆகவே மேல் பாதிக்கும் (உடனே ஓடும் ஹேண்ட்லர்) கீழ் பாதிக்கும் (அதன் மிச்ச வேலை) இடையே உள்ள பேச்சுவார்த்தையை, அதாவது ஒரு குறியின் அர்த்தத்தையோ ஃபீல்டின் அலகையோ, மாற்றும் பேட்ச் ஆபத்தானது. லாக் எடுக்கும் வரிசையை மாற்றுவதும் அப்படித்தான்: இரண்டு டாஸ்க்குகள் இரு பக்கத்தில் நின்று எதிரெதிர் வரிசையில் எடுத்தால் டெட்லாக், இருவரும் உறைந்துபோவார்கள். புதிய கோட், "எல்லோரும் மாறிவிட்டார்கள்" என்று தெரிந்த பிறகே புதிய நடத்தையைத் தொடங்க வேண்டுமென்றால், பேட்ச் முடிந்தபின் கூப்பிடப்படும் கால்பேக்கில் ஒரு கொடியை உயர்த்தி அதைப் பார்த்து நடக்கச் செய்யலாம். ஸ்ட்ரக்சரில் புது ஃபீல்ட் வேண்டுமென்றால், அதைத் தனியே வைத்துப் பொருளோடு இணைக்கும் ஷேடோ வேரியபிள் இருக்கிறது. பழைய கோட் ஒதுக்கிய பொருளுக்கு ஷேடோ இருக்காது என்பதை மறந்துவிட்டு எழுதிய பேட்ச், டெஸ்ட் மெஷினில் தேறி புரொடக்ஷனில் விழும்.

ரியல்டைம் கெர்னலில் இந்தப் படம் மாறும். 2024 நவம்பரில் வந்த 6.12-இல் ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற அந்த ரியல்டைம் வசதி முக்கியக் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அதில் பெரும்பாலான இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் தனி த்ரெட்டுகளாக ஓடும். த்ரெட் என்றால் சொந்த நிலை, யாரிடமிருந்தும் வாங்குவது இல்லை. சாதாரண கெர்னலில் சோதித்த பேட்ச்சின் இன்டரப்ட் பக்கக் கணக்கை அப்படியே இங்கே நம்பக்கூடாது.

டாஸ்க்குகள் எப்படிப் பக்கம் மாறுகின்றன என்பது உங்கள் கேள்வியின் மையம். முதல் வழி, தூங்கும் டாஸ்க்கின் ஸ்டாக்கைப் பார்த்து, மாறும் ஃபங்ஷன் எதுவும் அதில் இல்லை என்றால் அங்கேயே மாற்றுவது. பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே இப்படி மாறிவிடும். வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ஸ்டாக் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் அதைத் தொடுவதில்லை. இரண்டாவது வழி, சிஸ்டம் கால் அல்லது இன்டரப்ட் முடிந்து யூசர் ஸ்பேஸுக்குத் திரும்பும் வாசலில் மாறுவது. ஐடில் டாஸ்க்குகள் தம் சுழற்சிக்குள்ளேயே மாறிக்கொள்ளும். மீதம் இருப்பவர்களை ஏறக்குறைய 1 விநாடிக்கு ஒருமுறை மறுபடி பார்க்கும். 15 சுற்றுக்கு ஒருமுறை, யூசர் டாஸ்க்குகளுக்குப் பொய் சிக்னல் ஒன்றையும் கெர்னல் த்ரெட்டுகளுக்கு ஒரு எழுப்புதலையும் அனுப்பும். டிக் (சீராக வரும் டைமர் இன்டரப்ட்) இல்லாமல் ஓடும் தனிமைப்படுத்திய சிபியுவில் யூசர் ப்ரோக்ராம் ஒன்று கெர்னலுக்குள்ளேயே வராமல் சுற்றிக்கொண்டிருந்தால், அதை அசைப்பது பெரும்பாலும் இந்த 15 விநாடித் தட்டல்தான். இன்டரப்ட் குறைவாக வரும் சிபியுவில் மாற்றம் தாமதமாவது விந்தையில்லை.

ஸ்டாக் சோதனையில் ப்ரீஎம்ப்ஷன் இன்னொரு முறை மூக்கை நுழைக்கிறது. தானாகத் தூங்கிய டாஸ்க்கின் ஸ்டாக் ஒழுங்காக இருக்கும். ப்ரீஎம்ப்ட் ஆனது எந்தக் கட்டளையிலும் நிற்கலாம். ஃபங்ஷனின் முதல் கட்டளையில், ஃப்ரேம் பாயின்டரை (ஸ்டாக்கில் அந்த ஃபங்ஷனின் பகுதியைக் காட்டும் சுட்டி, இங்கே ஆர்பிபி) இன்னும் அமைக்காத நேரத்தில் இன்டரப்ட் வந்தது என்று வையுங்கள். ஆர்பிபி இன்னும் கூப்பிட்டவரின் ஃப்ரேமையே காட்டுகிறது. ஃப்ரேம் பாயின்டரைப் பிடித்து ஏறி, யார் யாரைக் கூப்பிட்டார் என்று ஸ்டாக்கைப் படிக்கும் அன்வைண்டர் அந்த ஃப்ரேமில் உள்ள ரிட்டர்ன் அட்ரஸை எடுக்கும். அது கூப்பிட்டவரைக் கூப்பிட்டவருக்கு உரியது. நடுவே ஒருவர் பட்டியலிலிருந்து காணாமல் போகிறார். அவர்தான் நாம் மாற்றப்போகும் ஃபங்ஷனாக இருந்தால், "பாதுகாப்பு" என்று பொய்யான பதில் கிடைத்துவிடும். அதனால் ஃப்ரேம் பாயின்டரோடு கட்டிய கெர்னலில், ஸ்டாக்கின் நடுவே கெர்னல் நிலை ரெஜிஸ்டர் சேமிப்பு தென்பட்டாலே, அதாவது ப்ரீஎம்ப்ஷனோ கெர்னலுக்குள் பேஜ் ஃபால்ட்டோ நடந்த தடயம் இருந்தாலே, "நம்பமுடியாத ஸ்டாக்" என்று கைவிரித்துவிடும். 2017-இல் 4.14-இல் வந்த ஓஆர்சி அன்வைண்டர் இதைத் தீர்த்தது. கெர்னலைக் கட்டும்போதே ஒவ்வொரு கட்டளை முகவரிக்கும் ஸ்டாக் எப்படி இருக்கும் என்று அட்டவணை போட்டு வைப்பதால், எந்தக் கட்டளையில் நின்றாலும் சரியாக ஏற முடியும். விலை சுமார் 2 முதல் 4 எம்பி நினைவகம். லைவ் பேட்ச் தேவைப்படும் எக்ஸ்86 சர்வருக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

ஓஆர்சி இருந்தும் மாட்டுவது பெரும்பாலும் கெர்னல் த்ரெட்டுகள். அவை யூசர் ஸ்பேஸுக்குப் போவதில்லை, வெளி வாசலே கிடையாது. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் த்ரெட்டின் ஸ்டாக்கை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. விர்ச்சுவல் மெஷின்களுக்கு நெட்வொர்க் வேலை செய்யும் விஹோஸ்ட் த்ரெட்டுகள் நல்ல உதாரணம், டிராஃபிக் இருக்கும்வரை அவை ஓயாது. 2023-இல் இதற்காக கான்ட் ரீஷெட் என்ற விட்டுக்கொடுக்கும் புள்ளியிலேயே, த்ரெட் தன் ஸ்டாக்கைத் தானே சோதித்து மாறிக்கொள்ளும் வழி சேர்ந்தது. உங்கள் கெர்னல் அதைவிடப் பழையது என்றால், அந்த ஹோஸ்டில் டிராஃபிக் குறைந்த நேரத்தில் பேட்ச் போடுவதே நடைமுறை வைத்தியம். த்ரெட்டின் முக்கியச் சுழற்சி ஃபங்ஷனையே மாற்ற நினைத்தால் எந்த வைத்தியமும் வேலை செய்யாது: அது எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும், மறுபடி கூப்பிடப்படவும் போவதில்லை. சுழற்சிக்குள் கூப்பிடப்படும் சின்ன ஃபங்ஷனை மாற்றும்படி பேட்ச்சைத் திருத்தி எழுத வேண்டும்.

இனி நின்றுவிட்டால் என்ன செய்வது. சிஸ் அடைவில் கெர்னல், அதற்குள் லைவ்பேட்ச், அதற்குள் உங்கள் பேட்ச்சின் பெயர், அங்கே டிரான்சிஷன் கோப்பில் 1 இருந்தால் இன்னும் முடியவில்லை. ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸின் ஒவ்வொரு த்ரெட்டின் கீழும் பேட்ச் நிலைக் கோப்பு இருக்கும். பேட்ச் போடும்போது அதில் 0 காட்டுபவர்கள்தான் பாக்கி. ப்ராசஸ் அளவில் மட்டும் பார்த்தால் ஜாவா மாதிரி நூறு த்ரெட் உள்ளவற்றில் குற்றவாளி தப்பிவிடுவார், த்ரெட் அளவில் பாருங்கள். பாக்கி இருப்பவரின் ஸ்டாக் கோப்பை அடுத்துப் பார்த்தால் எந்த ஃபங்ஷனில் நிற்கிறார் என்று தெரியும். லைவ்பேட்ச்சின் டிரான்சிஷன் மூலக் கோப்புக்கு, கெர்னலின் விரிவான செய்திகளை இயக்கும் டைனமிக் டீபக்கைத் திறந்துவிட்டால் கெர்னல் லாக் மூன்றில் ஒரு காரணத்தைச் சொல்லும்: ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த ஃபங்ஷனில் தூங்குகிறது, அல்லது ஸ்டாக் நம்பமுடியாதது.

ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் மேலே சொன்ன கெர்னல் த்ரெட் கதை. தூங்குகிறது என்றால் நிலையைப் பாருங்கள். சிக்னல் கேட்கும் தூக்கம் என்றால் பொய் சிக்னலே போதும், பொறுமையில்லை என்றால் நிறுத்தும் சிக்னலும் தொடரும் சிக்னலும் அடுத்தடுத்துக் கொடுத்தால் கெர்னலைவிட்டு வெளியே வந்து மாறும். டி நிலையில் தூங்குகிறது என்றால் சிக்னல் எதுவும் எட்டாது. செத்துப்போன என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்பு) சர்வரையோ பதில் சொல்லாத டிஸ்க்கையோ பார்த்து உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்தால் பேட்ச் தானாக முடியும். நம்பமுடியாத ஸ்டாக் என்று வந்தால் கெர்னல் எந்த அன்வைண்டரோடு கட்டப்பட்டது என்று கான்ஃபிக் கோப்பில் பாருங்கள்.

ஒரு பேட்ச் மாற்றத்தில் இருக்கும்போது இன்னொன்றை இயக்க முடியாது, பிஸி என்று மறுத்துவிடும். காத்திருக்க முடியாவிட்டால் அதே பேட்ச் அடைவின் எனேபிள்ட் கோப்பில் 0 எழுதுங்கள். திசை அப்படியே திரும்பி, மாறியவர்கள் பழைய பக்கத்துக்கு வருவார்கள். மாட்டிக்கொண்டவர் ஏற்கெனவே பழைய பக்கத்தில்தான் இருக்கிறார் என்பதால் இது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

அதே அடைவின் ஃபோர்ஸ் கோப்பில் 1 எழுதுவதைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், கடைசியாக மட்டுமே அதைத் தொட வேண்டும் என்பதுதான். அது யாருடைய ஸ்டாக்கையும் பார்க்காமல் எல்லோரையும் மாறியவர்களாக அறிவித்துவிடும், லாரி பள்ளத்தின் மேல் நின்றாலும். பழைய ஃபங்ஷனுக்குள் நிற்பவர் எழுந்து அதை முடித்துவிட்டுத்தான் வருவார், நடுவில் கூப்பிடுவதெல்லாம் புதியதாக இருக்கும். பேட்ச் ஒரே ஃபங்ஷனில் ஒரு அளவுச் சோதனையை மட்டும் சேர்ப்பது என்றால் அதனால் கேடில்லை. லாக்கையோ டேட்டாவின் அர்த்தத்தையோ தொட்டிருந்தால் மேலே சொன்ன கலப்பு நிஜமாகவே நடக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேட்ச் மாட்யூலைக் கழற்றவும் முடியாது, ஏனென்றால் அதன் கோடுக்குள் யார் தூங்குகிறார்கள் என்பது கெர்னலுக்கே தெரியாது. ஃபோர்ஸ் போட்ட சர்வரின் பெயரை அடுத்த ரீபூட் பட்டியலில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.